காத்துக்கு மாலை கட்டின இசக்கியம்மா

ஒரு ஊர்ல ஒரு பூக்காரி இருந்தா. பேரு இசக்கியம்மா. ஊர் பேரு கேக்காத பாப்பா, கரண்ட் வந்தா சொல்றேன். வேர்க்குதுதான், என்ன பண்ண? விசிறி அத்தை கையில இருக்கு, கதை அத்தை வாயில இருக்கு, ரெண்டையும் நிறுத்த மாட்டேன். நீ கண்ணை மூடிக்கிட்டு "ம்" கொட்டு, போதும்.

"ம்."

அந்த இசக்கியம்மாவுக்கு பஸ் ஸ்டாண்டு வாசல்ல கடை. கடைன்னா என்ன, ஒரு ஸ்டூலு, ஒரு ஈரச் சாக்கு, ஒரு கூடை. அவ பூக் கட்டுறதைப் பார்த்தா பஸ்ஸைத் தவற விட்டுடுவாங்க. சர்க் சர்க் சர்க்னு விரல் போகும், அது பாட்டுக்கு. வாய் ஊர்க்கதை பேசும், அது பாட்டுக்கு. ஆனா ஒரு விஷயத்துல ரொம்பக் கறாரு. பூவை மோந்து பார்க்கக் கூடாது. யாராவது பிச்சிப்பூவை எடுத்து மூக்குகிட்ட கொண்டு போனா, "ஏட்டி, வை கீழ! சாமிக்குப் போற பூவு. நீ மோந்தா அது எச்சில்"னு கத்துவா. அவளும் மோக்க மாட்டா. சரம் கட்டும்போதுதான் பேச்செல்லாம். மாலை கட்ட உக்காந்தா, முந்தானையால மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்குவா. மூச்சுகூடப் பூ மேல படக்கூடாதாம். அப்போ யாராவது விலை கேட்டா, "ம்ம்ஹும் ம்ம்ம்"னு சொல்லுவா. கேட்டவங்களும் புரிஞ்ச மாதிரி தலையாட்டுவாங்க.

அவளுக்கு ஒரே மக, கோமு. அன்னைக்கு சாயங்காலம் கோமுவுக்குப் பூ வைக்கிறாங்க. பூ வைக்கிறதுன்னா தெரியுமா? மாப்பிள்ளையோட அம்மா வந்து பொண்ணு தலையில பூ வைப்பாங்க. வச்சுட்டா, கல்யாணம் முடிவாயிடுச்சுன்னு அர்த்தம். பூவை மாப்பிள்ளை வீட்டுலதான் கொண்டு வரணும். ஆனா அந்த ஊருக்குப் பூக்காரியே இவ ஒருத்திதான! அதனால மாப்பிள்ளையோட அம்மா சண்முகவடிவு இவகிட்டயே சொல்லி வச்சாங்க.

"மதினி, பூவை நீங்களே கட்டி எடுத்து வந்திருங்க. உங்க கையால வாங்கி, என் கையால வைக்கேன். ஆனா ஒண்ணு. விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி வேணும். விளக்கு வச்சப்புறம் நான் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டேன். எங்க குடும்பத்துல பழக்கம் அப்படி."

"நான் என்ன, நேரம் தவறுறவளா?"ன்னா இசக்கியம்மா.

அப்புறம் உக்காந்து மல்லிப்பூவைச் சரமாக் கட்டினா. மக தலைக்காச்சே, சும்மாவா? நெருக்கமா, கொளுகொளுன்னு ஒரு சரம். வெயிலோ வெயிலு, நம்ம வீடு மாதிரியே. ஒரு இலை ஆடலை. பஸ் ஸ்டாண்டுல இருக்கிற ஆளுங்க எல்லாம் சட்டைக் காலரைத் தூக்கி ஊதிக்கிட்டு, "ஒரு காத்து வராதா, ஒரு காத்து வராதா"ன்னு புலம்புறாங்க.

அப்போ வந்துச்சு பாரு ஒரு காத்து! வடக்கே, ரொம்ப ரொம்ப வடக்கே இருந்து, வழி தெரியாம. ஹூஊஊஊ! வாடைக்காத்து. வந்ததும் அந்த மல்லிச் சரத்தைப் பார்த்துச்சு. ஆசை வந்திடுச்சு. லபக்குனு ஒரு நுனியைப் பிடிச்சு இழுத்துச்சு.

இசக்கியம்மா விடுவாளா? இன்னொரு நுனியைப் பிடிச்சுக்கிட்டா.

"விடுலே!"

"நீ விடு!"

"இது என் மக பூவு! நீ விடு!"

காத்து இழுக்குது, இவ இழுக்கிறா. காத்து இன்னும் இழுக்குது, இவ ஸ்டூலை விட்டு எந்திரிச்சுட்டா. காத்து ஓங்கி ஒரு இழுப்பு இழுத்துச்சு. இவ காலு தரையை விட்டுடுச்சு, கையி மட்டும் பூவை விடலை. மேல போறா. கீழ பஸ்ஸு தீப்பெட்டி மாதிரி தெரியுது. கோயில் கோபுரம் பென்சில் முனை மாதிரி தெரியுது. அப்பவும் வாயி ஓயலை. "கடையைப் பார்த்துக்கிடுங்க!"ன்னு கண்டக்டருக்குக் கத்திட்டே போறா. தூங்கிட்டியா?

"ம்ஹும். எங்க போனா?"

வடக்கே. மலை தாண்டி, கடல் தாண்டி, இன்னொரு கடலும் தாண்டி. வெயிலுக்கே குளிருற ஊர். அங்க போனதும் சரம் நடுவுல பட்டுனு அறுந்துச்சு. பாதி காத்துகிட்ட, பாதி இவ கையில. தொப்! விழுந்தா ஒரு மேட்டுக்காட்டுல.

எந்திரிச்சுப் பார்த்தா, ஒரு மரம் கிடையாது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் முழங்கால் உயரத்துக்குப் புதர். மேல மேகம், கீழ மேகம். மழை பெய்யுதா இல்லையான்னு மழைக்கே தெரியலை, பொசுபொசுன்னு நின்னுக்கிட்டிருக்கு. பக்கத்துல ஒரு செம்மறியாடு. உடம்பு வெள்ளை, மூஞ்சி மட்டும் கறுப்பு, அடுப்புக்குள்ள தலையை விட்டு எடுத்த மாதிரி. அது இவளைப் பார்த்து, "மே"ன்னுச்சு.

"உங்க ஊருக்கு எப்ப பஸ்ஸு?"ன்னு கேட்டா இசக்கியம்மா.

"மே."

மே மாசம்னு சொல்லுது, அதுக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்கேன்னு இவ தலையில கையை வச்சுக்கிட்டா.

அப்போ காத்து எதிர்ல வந்து நின்னுச்சு. காத்து எப்படி நிக்கும்னு கேக்காத, நின்னுச்சு. ஆள் தெரியலை. மீசை மட்டும் தெரியுது, ஏன்னா மழைத்துளி அதுல தொங்குது. பாதிச் சரம் அந்தரத்துல ஆடுது.

"எய்யா, சாயங்காலம் என் மகளுக்குப் பூ வைக்கிறாங்க. அந்தப் பாதியைக் குடு, என்னைக் கொண்டு போய் விடு"ன்னா.

"மாட்டேன்"னுச்சு காத்து. "இந்த ஊர்ல என்னைக் கண்டாலே கதவைச் சாத்துறான். சன்னலைச் சாத்துறான். சந்து இருந்தா துணியை வச்சு அடைக்கிறான். 'வாங்க'ன்னு ஒருத்தன் சொன்னதில்லை. உங்க ஊர்ல கல்லுக்குக்கூட மாலை போடுறீங்க. பஸ்ஸுக்கு மாலை போடுறீங்க. எனக்கு ஒரு மாலை கட்டிப் போடு. அது என் கழுத்துல நிக்கணும், மூணு தடவைதான் பார்ப்பேன். நின்னா, உன்னையும் கொண்டு விடுறேன், உன் பூவையும் தர்றேன்."

"அத்தை, காத்துக்குக் கழுத்து உண்டா?"

அதையேதான் அவளும் கேட்டா. "மீசைக்குக் கீழ பாரு"ன்னுச்சு காத்து.

இசக்கியம்மா அண்ணாந்து சூரியனைப் பார்த்தா. நேரம் இருக்கான்னு பார்க்கத்தான். சூரியன் மேகத்துக்குப் பின்னால மசமசன்னு நிக்குது. "அதை நம்பாத"ன்னுச்சு காத்து. "இந்த மாசம் இங்க அது மறையவே மறந்திடும். உங்க ஊர்ல அது பாட்டுக்கு இறங்கிட்டிருக்கும்."

அவ சேலையை இடுப்புல சொருகிக்கிட்டா. மாலை கட்ட நார் வேணுமே? வாழையா இருக்கு, நார் உரிக்க? சுத்திப் பார்த்தா. ஆடு நிக்குது. உடம்பு பூரா கம்பளி.

"யம்மா ஆடு, கொஞ்சம் குடு தாயி"ன்னு ஒரு கொத்துப் பிடுங்கி, தொடையில வச்சு உருட்டித் திரிச்சா. நல்ல நூலு!

"மே"ன்னுச்சு ஆடு. இந்தத் தடவை அர்த்தம் நல்லாவே புரிஞ்சுது.

அப்புறம் அந்த மேட்டுக்காட்டுப் பூவையே பறிச்சா. ஊதாப் பூவு. குட்டிக் குட்டியா, சலங்கையில இருக்கிற மணி மாதிரி, கொத்துக் கொத்தா. முந்தானையை மூக்குல கட்டிக்கிட்டா, சர்க் சர்க் சர்க். மாலை ஆச்சு. எக்கி, மீசைக்குக் கீழ போட்டா.

மாலை நின்னுச்சு. "நிக்குதே!"ன்னு காத்து நெஞ்சை நிமித்துச்சு. நிமித்தினதும் பூவு மணிக்குள்ள இருந்து ஒரு தேனீ எட்டிப் பார்த்துச்சு. ரீஈஈங்! அப்புறம் இன்னொண்ணு, ரீஈஈங்! ஒரு பூவுக்கு ஒரு தேனீ வாடகைக்கு இருந்திருக்கு! எல்லாம் காத்தோட கழுத்துல ஊருது.

"ஐயோ கூசுது! ஐயோ ஹிஹி! எடு! ஹிஹிஹூஊஊ!" காத்து தரையில விழுந்து புரளுது. அது புரண்டா என்ன ஆகும்? நாலு வேலி சாய்ஞ்சுது, ஒரு கொட்டகைக் கூரை பறந்துச்சு, மாலை துண்டு துண்டாப் போயிடுச்சு.

"ஒண்ணு போச்சு"ன்னுச்சு காத்து, கண்ணைத் துடைச்சுக்கிட்டு.

இசக்கியம்மா நடந்தா. ஆடு பின்னால. மேடு இறங்கினா, தரை மெத்து மெத்துனு ஆயிடுச்சு. சேத்துக்காடு! பார்த்தா பச்சை மெத்தை, மிதிச்சா ப்ளக். இன்னொரு காலை வச்சா ப்ளக். இடது கால் செருப்பை அந்தச் சேறு தின்னுடுச்சு. "குடுலே"ன்னா. சேறு ஏப்பம் விட்டுச்சு, ப்ளூப்.

ஆனா முன்னால என்ன தெரியுது? வெள்ளை வெளேர்னு! காடு பூரா மல்லி விரிஞ்சு கிடக்கிற மாதிரி. ஓடிப் போய்ப் பார்த்தா, மல்லி இல்லை. புல்லு. ஒவ்வொரு புல்லு நுனியிலயும் ஒரு பஞ்சு உருண்டை, முயல் வாலை ஒட்டி வச்ச மாதிரி. அதுக்கு நடுவுல, பாசியோட பாசியா, குட்டி வட்ட இலை. செக்கச் செவேல்னு. இலை பூரா மயிரு, ஒவ்வொரு மயிர் நுனியிலயும் ஒரு சொட்டுப் பனி. கல்லு வச்ச மூக்குத்தி தோத்துது! ஒரு கொசு வந்து அதுல உக்காந்துச்சு. ஒட்டிக்கிச்சு. இலை மெதுவா, மெதுவா, உள்ளங்கையை மூடுற மாதிரி மூடிக்கிச்சு.

"ஏ ஆத்தா! கொசுவைத் தின்னுது! நம்ம ஊருக்கு இது நாலு லாரி வேணுமே"ன்னா இசக்கியம்மா.

வெள்ளைக்கு நடுவுல சிவப்பு வச்சா எடுப்பா இருக்கும்னு தோணுச்சு. ஆடு தானாவே முதுகைத் திருப்பிக் காமிச்சுது. பாதி ஆடு காலி. முந்தானை மூக்குல, சர்க் சர்க் சர்க். பஞ்சு, பஞ்சு, பஞ்சு, ஒரு சிவப்பு. பஞ்சு, பஞ்சு, பஞ்சு, ஒரு சிவப்பு. அப்படி ஒரு மாலை! போட்டா.

காத்து அசையாம நின்னுச்சு. கூச்சம் இல்லை, தேனீ இல்லை. "நல்லாருக்கேனா?"ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். வாயைத் திறந்து கேட்டதும் பஞ்சு பூரா... உஃப்!

பறந்திடுச்சு. வானம் பூரா பஞ்சு. மிச்சம் அந்தச் சிவப்பு இலை மட்டும் காத்தோட மீசையில போய் ஒட்டிக்கிச்சு. ஒட்டினதும் சேத்துக்காட்டுக் கொசு எல்லாம் விருந்துக்கு வந்த மாதிரி வந்துச்சு, ஒட்டிக்கிச்சு. ஙொய்ய்ய்னு மீசை பாடுது. இசக்கியம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தா. முடியலை. ஆடும் சிரிச்சுது.

"ரெண்டு போச்சு"ன்னுச்சு காத்து. கோவமா சொல்லத்தான் நினைச்சுது, ஆனா மீசை பாடிட்டே இருந்தா எப்படிக் கோவம் வரும்?

கேக்குறியா?

"ம்... மூணாவது?"

மூணாவது நிக்கலைன்னா அவ்வளவுதான். அவளுக்கு இப்போ சிரிப்பு போயிடுச்சு. கையில இருக்கிற பாதிச் சரத்தைப் பார்த்தா. குளிர்ல இருந்ததால வாடவே இல்லை, பறிச்ச மாதிரியே இருக்கு. கோமு எண்ணெய் வச்சு, சடை பின்னி, வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாளேன்னு நினைச்சா. ஒத்தைச் செருப்போட விறுவிறுன்னு நடந்தா.

சேறு முடிஞ்சு மரக்காடு வந்துச்சு. உசரமான மரம், அடியில பச்சை நிழலு. அந்த நிழல்ல, பாப்பா, வெள்ளைப் பூவு! நிஜப் பூவு! ஆறு இதழ், நட்சத்திரம் மாதிரி, கொத்துக் கொத்தா, தரை தெரியாம. தூரத்துல பார்த்ததுமே அவ முந்தானையை எடுத்து மூக்குல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டா. இவ்வளவு நல்ல பூவை மூச்சு படவிடலாமா?

ஆடு மட்டும் காட்டு ஓரத்துலயே நின்னுடுச்சு. மூக்கைச் சுருக்கி, பின்னால போச்சு. "ம்ம்ம் ம்ம்"னா இசக்கியம்மா. வா, பயப்படாதன்னு அர்த்தம். "மே"ன்னுச்சு ஆடு. செத்தாலும் வரமாட்டேன்னு அர்த்தம். இவளே போய் மிச்சக் கம்பளியையும் பிடுங்கிட்டு வந்தா. இப்போ ஆடு முழுசா மொட்டை. கறுப்பு மூஞ்சி, ரோஸ் உடம்பு.

சர்க் சர்க் சர்க் சர்க். வாழ்நாள்ல அப்படி ஒரு மாலை கட்டினதில்லை. இடுப்புத் தண்டி. நடுவுல ஒரு குஞ்சம் வேற. ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து, "ம்ம்ம்!"னு மீசைக்குக் கீழ போட்டா.

நின்னுச்சு. தேனீ வரலை. பூ பறக்கலை. காத்து இடது பக்கம் திரும்புச்சு, நின்னுச்சு. வலது பக்கம் திரும்புச்சு, நின்னுச்சு. குதிச்சுப் பார்த்துச்சு, அப்பவும் நின்னுச்சு! காத்துக்குக் குரலே மாறிடுச்சு. "எனக்கு மாலை"ன்னுச்சு. "ஏ மேகமே, பாரு, எனக்கு மாலை."

அப்புறம் பெருமை தாங்காம, குனிஞ்சு, மூக்கை மாலைக்குள்ள விட்டு...

"மோந்து பார்க்காத!"ன்னு முந்தானையை அவுத்துட்டுக் கத்தினா இசக்கியம்மா. பழக்க தோஷம்.

அவுத்ததும் அவ மூக்குலயும் ஏறுச்சு. ஏ ஆத்தா! பூண்டு! மாலை பூரா பூண்டு! காடு பூரா பூண்டு! நூறு வீட்டு ரசத்துக்கு ஒரே நேரத்துல நசுக்கின மாதிரி! அந்த ஊர்க் காட்டுல பூண்டே காடாப் பூக்குது, இவளுக்கு எப்படித் தெரியும்?

ஆனா காத்து அதுக்குள்ள மூச்சை இழுத்துடுச்சு. மேகம் எல்லாம் அது மூக்கைப் பார்த்து வருது. மரம் எல்லாம் அந்தப் பக்கம் சாயுது. "ஹ..."ன்னுச்சு. இசக்கியம்மா ஆட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "ஹ... ஹா..."

"தெற்குப் பக்கம் திரும்பிக்கோ எய்யா!"ன்னா.

"ஹா... ஹா... ஹச்ச்ச்சூஊஊஊ!"

போனாங்க பாரு! கடலு, சர்ர்! இன்னொரு கடலு, சர்ர்! மலை, சர்ர்! இவளும் மொட்டை ஆடும் குட்டிக்கரணம் போட்டுக்கிட்டே. தும்முன தும்மல்ல காத்தும் நிலை கொள்ள முடியாம, மாலையும் கழுத்துமா, கூடவே வருது.

இங்க இசக்கியம்மா வீட்டுல என்ன நடக்குது? ஃபேன் ஓடலை. கூடம் பூரா சொந்தக்காரங்க, வேர்த்து வடியுது. கோமு சடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, அழலை, உதட்டைக் கடிச்சுக்கிட்டிருக்கா. சண்முகவடிவு எந்திரிச்சுட்டாங்க.

"வீட்டுக்காரியையும் காணோம், பூவையும் காணோம். எனக்கென்ன ஆசையா எந்திரிச்சுப் போக? பொழுது இறங்கிட்டுல்லா. விளக்கை ஏத்திட்டுக் கிளம்புதேன்"னு தீப்பெட்டியை எடுத்தாங்க.

சர்க், ஒரு குச்சி. உஃப், அணைஞ்சுது.

சர்க், இன்னொரு குச்சி. உஃப்.

"எங்கிருந்து வருது காத்து?"ன்னு மூணாவது குச்சியைக் கையால மறைச்சுக்கிட்டு கிழிச்சாங்க. ஹூஊஊ! குச்சி, தீப்பெட்டி, முன்னால தொங்குற காலண்டர் எல்லாம் பறந்துச்சு. கூடத்துல இருந்தவங்க ஒரே குரல்ல, "அப்ப்ப்பாடா!"ன்னாங்க. "யாருய்யா இது, மகராசன், நல்லா வா! அந்தச் சன்னலைத் திற! இந்தக் கதவையும் திற! உள்ள வா, உள்ள வா!"

காத்து வாசல்லயே நின்னுடுச்சு. உள்ள வான்னா எப்படி வர்றதுன்னு அதுக்குத் தெரியலை. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லையே.

தொபுக்கடீர்!

பந்தல் ஓலையைப் பிச்சுக்கிட்டு இசக்கியம்மா. அவ மேல ஆடு.

"விளக்கு வச்சாச்சா?"ன்னு கேட்டா, படுத்த மேனிக்கே.

"எங்க மதினி, ஏத்த விட்டாத்தான?"ன்னாங்க சண்முகவடிவு. அப்புறம் மூக்கை உறிஞ்சி, "பூண்டு ரசமா? வாசனை தெரு வரைக்கும் வருதே. இவ்வளவு நேரம் அடுப்படியிலயா இருந்தீங்க?"

இசக்கியம்மா ஆட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சு உக்காந்தா. கையை விரிச்சா. பாதி மல்லிச் சரம். காத்து மெதுவா உள்ள வந்து, மிச்சப் பாதியை அவ மடியில வச்சுது. மொட்டை ஆட்டோட வாலு நுனியில ஒரே ஒரு மயிரு மிச்சம் இருந்துச்சு. அதைப் பிடுங்கி, ரெண்டையும் சேர்த்து ஒரு முடிச்சு. சர்க்.

"மே"ன்னுச்சு ஆடு.

சண்முகவடிவு பூவை வாங்கி கோமு தலையில வச்சாங்க. வச்சப்புறம் கோமு அழுதா. அப்புறம் சிரிச்சா. காத்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஓரமா நின்னுச்சு, விளக்கை ஏத்துற வரைக்கும்.

"அப்புறம் காத்து ஊருக்குப் போயிடுச்சா?"

போச்சு. ஆடு போகலை. இந்த வெயிலுக்கு மொட்டைதான் சுகம்னு இருந்திடுச்சு. காத்து மட்டும் அப்பப்போ வரும், கரண்ட் போற அன்னைக்கு. இங்கதான யாராவது ஒருத்தர் "வரமாட்டியா"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க. இன்னும் அந்த மாலையைக் கழட்டலையாம்.

"அத்தை."

ம்?

"சன்னல் ஆடுது. பூண்டு வாசனை வருது."

அது என் கை பாப்பா. ராத்திரி ரசத்துக்கு நசுக்கினது. விசிறியைக் கீழ வச்சுட்டேன், பார்த்தியா, இனி அது வேண்டாம். ஆடு படுத்துடுச்சு, கோமு படுத்துட்டா. காத்து வந்தாச்சு, கதை போயாச்சு. நீயும் போ, தூக்கத்துக்குள்ள.